தனியார் விண்வெளிப் பயணம்: பள்ளி ப்ராஜெக்டுக்கு வீட்டிலேயே செய்யும் சோதனைகள் – கேள்வி பதில்

கேள்வி (எட்டாம் வகுப்பு மாணவனின் அப்பா): சார், பையனுக்குத் "தனியார் மனித விண்வெளிப் பயணம்" என்று தலைப்பு கொடுத்திருக்கிறார்கள். தெர்மாகோலில் ராக்கெட் செய்து பெயின்ட் அடித்துக் கொடுத்துவிடலாமா?

பதில்: கொடுக்கலாம், மார்க்கும் வரும். ஆனால் தெர்மாகோல் ராக்கெட்டில் அளப்பதற்கு ஒன்றுமில்லை. பையன் கையால் அளக்கக்கூடிய ஒரு கேள்வியைப் பிடியுங்கள். இந்தத் துறையில் மேலே போவதைவிட ஆளை உயிரோடு இறக்குவதுதான் பெரிய தலைவலி. நல்லவேளையாக, வீட்டில் செய்து பார்க்கத் தோதானதும் அதுதான். பாராசூட், கலத்தின் எடை மையம், மூச்சுக்காற்று ஆகிய மூன்றில் ஒன்றை எடுத்து ஆழமாகச் செய்தால் போதும். மூன்றையும் தொட்டு மூன்றையும் அரைகுறையாக விடவேண்டாம்.

கேள்வி (அறிவியல் ஆசிரியை): முதல் தனியார் விண்வெளிப் பயணி 2001இல் போன டென்னிஸ் டிட்டோ என்று சில மாணவர்கள் எழுதுகிறார்கள். சிலர் 2004 என்கிறார்கள். எதைச் சரி என்று ஏற்பது?

பதில்: கலம் யாருடையது, பணம் யார் கொடுத்தது, பயணி யார் என்று மூன்று கட்டம் போட்ட அட்டவணை எழுதச் சொல்லுங்கள் மேடம், குழப்பம் தீர்ந்துவிடும். டிட்டோ சொந்தப் பணத்தில் போனார், ஆனால் ஏறியது ரஷ்ய அரசின் சோயுஸ். 2004 ஜூன் 21 அன்று கலிபோர்னியாவின் மோஹாவியில் மைக் மெல்வில் ஓட்டிய ஸ்பேஸ்ஷிப்ஒன் தனியார் கட்டிய கலம், பணம் மைக்ரோசாஃப்ட் நிறுவனர்களில் ஒருவரான பால் ஆலனுடையது. விண்வெளி தொடங்குவதாகக் கொள்ளப்படும் 100 கி.மீ. கோட்டை மயிரிழையில் தாண்டியது. அதே கலம் செப்டம்பர் 29, அக்டோபர் 4 என்று இரண்டு வாரத்துக்குள் இரண்டு முறை பறந்து தனியார் கலத்துக்கான 1 கோடி டாலர் அன்சாரி எக்ஸ் பரிசை வென்றது.

2020 மே மாதம் ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் ஆளேற்றும் கலமான க்ரூ டிராகன் முதல் முறை ஆட்களோடு போனபோது கலம் தனியாருடையது, பயணிகள் நாசா வீரர்கள். 2021 செப்டம்பரில் போன இன்ஸ்பிரேஷன்4இல் நான்கு பேருமே தனியார். 2025 ஜூனில் சுபான்ஷு சுக்லா போன ஆக்ஸியம்-4இல் கலமும் பயண ஏற்பாடும் தனியார், அவருடைய இருக்கைக்குப் பணம் இந்திய அரசு. மூன்று கட்டமும் "தனியார்" என்று நிரம்பும் பயணங்கள் எவை என்று பிள்ளைகளே தேடட்டும்.

கேள்வி (ஆறாம் வகுப்பு மாணவி): அங்கிள், விண்வெளி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று சார்ட்டில் வரைந்தேன். பூமியைவிட ராக்கெட் போன உயரம் பெரிதாக வந்துவிட்டது!

பதில்: அளவுகோல் போடாமல் வரைந்திருப்பாய், பாப்பா. 30 செ.மீ. விட்டமுள்ள உலக உருண்டை ஒன்றை எடுத்துக்கொள். பூமியின் விட்டம் 12,742 கி.மீ. என்பதால் உருண்டையில் 1 மில்லிமீட்டர் என்பது சுமார் 42 கி.மீ. அப்படியானால் 100 கி.மீ. வெறும் 2.4 மி.மீ. ஸ்பேஸ்ஷிப்ஒன் எட்டிய அதிகபட்சம் 112 கி.மீ., அதாவது 2.6 மி.மீ. பன்னாட்டு விண்வெளி நிலையம் கிட்டத்தட்ட 1 செ.மீ. 2024 செப்டம்பரில் போலாரிஸ் டான் என்ற தனியார் பயணம் தொட்ட சுமார் 1,400 கி.மீ. 3.3 செ.மீ. நிலாவை வைக்க 9 மீட்டர் தள்ளிப் போகவேண்டும், உன் வகுப்பறைக்கு வெளியே! களிமண்ணில் குண்டூசி செருகி இந்த உயரங்களைக் காட்டு. சார்ட்டே வேண்டாம்.

கேள்வி (பத்தாம் வகுப்பு மாணவன்): 100 கி.மீ. போய்விட்டால் அப்புறம் 400 கி.மீ. போக நாலு மடங்கு எரிபொருள் போதும்தானே அண்ணா?

பதில்: இல்லை தம்பி. இந்தத் தலைப்பில் எல்லோரும் வழுக்கி விழுகிற இடம் இது. 100 கி.மீ.க்கு ஒரு கிலோவைத் தூக்க 9.8 × 1,00,000, கிட்டத்தட்ட 1 மெகா ஜூல். அது மேலே போய்த் திரும்ப விழுந்துவிடும். 400 கி.மீ.யில் விழாமல் சுற்றவேண்டுமானால் பக்கவாட்டில் நொடிக்கு 7.67 கி.மீ. வேகம் வேண்டும். அந்த வேகத்துக்கு மட்டும் கிலோவுக்கு 29.4 மெகா ஜூல். உயரத்துக்கு இன்னொரு 3.7. மொத்தம் 33. ஆற்றல் நாலு மடங்கு இல்லை, 33 மடங்கு. செலவில் பெரும்பகுதி வேகத்துக்கு, உயரத்துக்கு அல்ல.

இதையே திருப்பிப் பார். இறங்கும்போது அந்த 33 மெகா ஜூலும் வெப்பமாகக் கழிந்தாக வேண்டும். 30 டிகிரியில் இருக்கும் 13 கிலோ தண்ணீரைக் கொதிக்கவைத்து முழுக்க ஆவியாக்கப் போதுமான வெப்பம் அது, கலத்தின் ஒவ்வொரு கிலோவுக்கும்! பெரும்பகுதி காற்றுக்குப் போகிறது, மிச்சத்தைச் சமாளிக்கத்தான் டிராகனுக்குக் கருகித் தேயும் தடித்த வெப்பக்கவசம். ஸ்பேஸ்ஷிப்ஒன்னுக்கு அப்படி ஒன்று தேவைப்படவில்லை. இந்த ஒரு கணக்கை முழுதாகப் போட்டுக் காட்டினாலே உன் ப்ராஜெக்ட் தேறிவிடும்.

கேள்வி (ஏழாம் வகுப்பு மாணவனின் அம்மா): பேப்பர் கப்பில் கேப்சூல் செய்தோம். போட்டால் குட்டிக்கரணம் அடிக்கிறது. தட்டையான பக்கம் கீழே வர என்ன செய்வது?

பதில்: எடை கீழே இல்லை என்று அர்த்தம். கப்பைக் கவிழ்த்து வையுங்கள். அகலமான வாய்ப்பக்கம்தான் வெப்பக்கவசம். அந்த வாயளவுக்குக் கெட்டி அட்டையை வட்டமாக வெட்டி, உள்பக்கம் நடுவில் மூன்று நாணயங்களைச் செலோ டேப்பால் அழுத்தி ஒட்டியபின் மூடுங்கள். இப்போது எப்படிப் போட்டாலும் அகலப்பக்கம் கீழே திரும்பும். அடுத்து நாணயங்களைக் குறுகிய முனைக்கு மாற்றிப் போட்டுப் பாருங்கள், கூர்முனை முன்னால் வரும். உண்மையான கலத்தில் அப்படி நடந்தால் கவசமில்லாத பக்கம் வெந்துவிடும்.

நேரம் இருந்தால் இன்னொன்று. நாணயங்களை நடுவிலிருந்து 1 செ.மீ. மட்டும் தள்ளி ஒட்டுங்கள். கப் சற்றுச் சாய்ந்து, ஒரு பக்கமாக விலகி இறங்கும். சோயுஸ், டிராகன் போன்ற கலங்களில் எடை மையத்தை வேண்டுமென்றே கொஞ்சம் தள்ளி வைத்திருப்பது இதற்குத்தான். சாய்வால் கிடைக்கும் தூக்குவிசையை, கலத்தை உருட்டித் திசை மாற்றி, இறங்கும் இடத்தைத் திருத்திக்கொள்கிறார்கள்.

கேள்வி (ஒன்பதாம் வகுப்பு மாணவி): முட்டையை வைத்துப் பாராசூட்டில் இறக்கப்போகிறேன். எவ்வளவு பெரிய பாராசூட், எத்தனை நூல்? கணக்கோடு சொல்லுங்கள் சார்.

பதில்: முட்டை, கப், பஞ்சு எல்லாம் சேர்த்து 120 கிராமுக்குள் வை. மளிகைக்கடைத் தராசில் நிறுத்துக்கொள்.

மெல்லிய குப்பைக் கவரை விரித்து 60 செ.மீ. விட்டத்தில் வட்டமாக வெட்டு. நடுவில் 6 செ.மீ. துளை போடு. துளை போட்டால் காற்று வீணாகும் என்று பலர் விட்டுவிடுகிறார்கள். துளை இல்லையென்றால் உள்ளே அடைபட்ட காற்று விளிம்பு வழியே மாறி மாறி வழிந்து, முட்டை ஊஞ்சலாடிச் சுவரில் மோதும். விளிம்பில் 45 டிகிரிக்கு ஒன்றாக எட்டு இடங்களில் இருபுறமும் செலோ டேப் ஒட்டி, அதன்மேல் துளையிட்டு நூல் கட்டு. வெறும் பிளாஸ்டிக்கில் கட்டினால் திறக்கும் இழுப்பில் கிழிந்துவிடும். ஒவ்வொரு நூலும் 70 செ.மீ. எட்டும் ஒரே நீளம் இருக்கவேண்டும். ஒன்று 2 செ.மீ. குறைந்தாலும் பாராசூட் அந்தப் பக்கம் சாயும்.

இனி கணக்கு. முற்றுத் திசைவேகத்தின் (கூடாமல் குறையாமல் சீராக விழும் வேகத்தின்) வர்க்கம் = 2 × நிறை × 9.8 ÷ (காற்றின் அடர்த்தி × இழுவை எண் × பரப்பு). இழுவை எண் என்பது வடிவம் காற்றை எவ்வளவு தடுக்கிறது என்பதன் அளவு. நிறை 0.12 கிலோ, அடர்த்தி 1.2, தட்டைத் துணிபோன்ற பாராசூட்டுக்கு இழுவை எண் சுமார் 0.8, பரப்பு 0.283 சதுர மீட்டர். விடை நொடிக்கு 2.9 மீட்டர். பாராசூட் இல்லாமல் 44 செ.மீ. உயரத்திலிருந்து போட்டால் தரையைத் தொடும் வேகம் இதுதான். ஆகவே மாடிக்குப் போகும் முன் கப்பை 44 செ.மீ. உயரத்திலிருந்து போட்டுப் பார். முட்டை உடைந்தால் பஞ்சைக் கூட்டு. பாராசூட்டைக் குறை சொல்லாதே.

எடை இரட்டிப்பானால் வேகம் 1.4 மடங்குதான் ஆகும், இரண்டு மடங்கு அல்ல. அதையும் ஒரு சோதனையாக வைத்துக்கொள்ளலாம். வேகத்தை அளக்கச் சுவரில் 1 மீட்டர், 3 மீட்டர் உயரங்களில் சாக்பீஸ் கோடு போட்டு மொபைலில் வீடியோ எடு. நொடிக்கு 30 பிரேம் என்றால் இரண்டு கோட்டுக்கும் இடையே சுமார் 20 பிரேம் வரவேண்டும். 15 வந்தால் பாராசூட் முழுசாக விரியவில்லை.

கேள்வி (அதே மாணவி): முதல் மாடியிலிருந்து போட்டால் விரிவதற்குள் தரைக்கு வந்துவிடுகிறது!

பதில்: விரியவே 2, 3 மீட்டர் போய்விடும். 6 மீட்டராவது உயரம் வேண்டும், பெரியவர் ஒருவர் கூட இருக்கட்டும். கவர் ஒட்டிக்கொள்வதைத் தவிர்க்க முகப் பவுடரை லேசாகத் தூவு. நூலை மடிப்பின்மேல் சுற்றாதே. நடு உச்சியைப் பிடித்துத் தொங்கவிட்டு அப்படியே கையை விடு. காற்று அடங்கிய விடிகாலையில் செய்.

கேள்வி (பெற்றோர் ஒருவர்): டிராகனுக்கு ஏன் நான்கு பாராசூட்? ஒரே பெரியதாக வைத்தால் என்ன?

பதில்: ஒன்று வேலை செய்யாமல் போனாலும் ஆள் பிழைக்கவேண்டும். 2024 மே 19 அன்று புளூ ஆரிஜின் நிறுவனத்தின் நியூ ஷெப்பர்ட் கலம் இறங்கியபோது மூன்றில் ஒரு பாராசூட் முழுதாக விரியவில்லை. ஆறு பேரும் பத்திரமாகத் தரை சேர்ந்தார்கள்.

வீட்டில் இது அழகான சோதனை. 30 செ.மீ. விட்டத்தில் நான்கு சிறிய பாராசூட்கள் செய்தால் மொத்தப் பரப்பு 60 செ.மீ. பாராசூட் ஒன்றுக்குச் சமம். முதலில் நான்கோடும், பிறகு ஒன்றை ரப்பர் பேண்டால் கட்டி மூன்றோடும் இறக்குங்கள். கணக்குப்படி வேகம் 15 சதவீதம்தான் கூடும். நான்கும் ஒன்றோடொன்று மோதிச் சுருங்கினால் நூல் குட்டை என்று பொருள். ஒவ்வொன்றுக்கும் 60 செ.மீ. நூலும், அதற்குக் கீழே 30 செ.மீ. தனிக் கயிறும் விடுங்கள்.

கேள்வி (பத்தாம் வகுப்பு மாணவன்): ஸ்பேஸ்ஷிப்ஒன் இறக்கையை மடித்துக்கொண்டு இறங்குமாமே, எப்படி?

பதில்: வடிவமைத்தவர் பர்ட் ருட்டான். உச்சிக்குப் போனதும் இறக்கையின் பின்பகுதியும் வால்தண்டுகளும் சேர்ந்து சுமார் 65 டிகிரி மேலே மடங்கும். அப்போது கலம் எப்படிப் புரண்டு விழுந்தாலும் காற்றே அதை வயிறு கீழாக நேராக்கும். மெல்லிய காற்றிலேயே வேகம் குறையத் தொடங்குவதால் சூடும் குறைவு. பேட்மின்டன் ஷட்டில்காக்கைத் தலைகீழாக வீசிப் பாருங்கள், கார்க் தானாக முன்னால் திரும்பும். அதே இயற்பியல். அட்டையில் செய்தால் இரண்டு பக்கமும் ஒரே கோணத்தில் மடியுங்கள், இல்லையென்றால் சுழலும்.

இந்த அமைப்புக்கு ஒரு கொடிய மறுபக்கமும் உண்டு, ரிப்போர்ட்டில் அதையும் எழுதுங்கள். 2014 அக்டோபர் 31 அன்று இதன் அடுத்த கலமான ஸ்பேஸ்ஷிப்டூ மேலேறிக்கொண்டிருந்தபோது துணை விமானி அந்த மடிப்பின் பூட்டை முன்னதாகவே திறந்துவிட்டார். ஒலியைப்போல் 1.4 மடங்கு வேகம் வந்தபின் திறக்கவேண்டியது, 0.8லேயே திறந்தது. காற்றின் விசையே இறக்கையை மடக்கிவிட, கலம் சிதறியது. அவர் இறந்தார், விமானி பாராசூட்டில் தப்பினார். ஒரே ஒரு கைப்பிழை கலத்தையே அழிக்கும் என்பதை வடிவமைப்பில் கணக்கில் எடுக்கவில்லை என்றுதான் அமெரிக்க விசாரணை வாரியம் சொன்னது.

கேள்வி (ஏழாம் வகுப்பு மாணவி): கேப்சூலுக்குள் ஆக்சிஜன் தீர்ந்துபோனால் என்ன ஆகும்?

பதில்: அதற்கு முன்பே கரியமிலவாயு ஆளைச் சாய்த்துவிடும். ஒருவர் ஒரு நாளில் விடுவது சுமார் 1 கிலோ, மணிக்கு 23 லிட்டர். டிராகனின் உள்ளறை 9.3 கன மீட்டர். நான்கு பேர் இருந்தால் வடிகட்டி இல்லாத ஒவ்வொரு மணி நேரத்துக்கும் கரியமிலவாயு 1 சதவீதம் ஏறும். ஒரு சில மணியிலேயே தலைவலியும் மூச்சுத்திணறலும் வரும். லித்தியம் ஹைட்ராக்சைடு இதை உறிஞ்சும். 1 கிலோ வாயுவுக்குக் குறைந்தது 1.09 கிலோ வேண்டும். நாலு பேர், மூன்று நாள், எத்தனை கிலோ? நீயே போடு.

வீட்டில் செய்ய வெற்றிலைக்குப் போடும் வெள்ளைச் சுண்ணாம்பு போதும், வாசனை சேர்த்த ரோஸ் நிறம் ஆகாது. ஒரு டீஸ்பூனை அரை லிட்டர் தண்ணீரில் கலக்கி இரவு முழுவதும் மூடி வை. காலையில் மேலே தெளிந்த நீரை மட்டும் கலங்காமல் இறுத்து, இரண்டு கிளாஸில் 50 மி.லி. ஊற்று. ஸ்ட்ராவின் மேல்பக்கம் ஊசியால் ஒரு துளை போடு, தவறி உறிஞ்சினாலும் நீர் வாய்க்கு வராது. கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஊது. நீர் பால்போல் ஆகும் நேரத்தைக் குறி. 50 முறை குதித்தபின் இரண்டாவது கிளாஸில் ஊது. நேரம் குறையும். விடாமல் ஊதிக்கொண்டே இருந்தால் நீர் மறுபடி தெளிந்துவிடும், சோதனை கெட்டது என்று கொட்டிவிடாதே. கால்சியம் கார்பனேட் கரைந்து பைகார்பனேட் ஆகிறது, அவ்வளவுதான்.

கேள்வி (எட்டாம் வகுப்பு மாணவன்): மேலே புவியீர்ப்பு இல்லாததால்தானே மிதக்கிறார்கள்?

பதில்: விண்வெளி நிலையத்தின் உயரத்தில் ஈர்ப்பு தரையில் உள்ளதில் சுமார் 88 சதவீதம் இருக்கிறது. எல்லாம் சேர்ந்து விழுவதால்தான் மிதப்பு. பாட்டிலின் அடியில் துளையிட்டுத் தண்ணீர் ஊற்றி, மூடியைத் திறந்தபடி மாடியிலிருந்து போடு. விழும்போது துளையில் நீர் நின்றுவிடும். ஸ்லோ மோஷனில் எடு.

கேள்வி (அதே மாணவன்): பட்டாசு மருந்தை எடுத்து ராக்கெட் விடலாமா?

பதில்: கூடாது. விரல் போகும், கண் போகும். தண்ணீர் ராக்கெட் செய். சோடா பானம் வந்த 2 லிட்டர் பாட்டில் மட்டும். தண்ணீர் பாட்டில் மெல்லியது, வெடிக்கும். மூன்றில் ஒரு பங்கு, சுமார் 650 மி.லி. தண்ணீர். அதற்குமேல் ஊற்றினால் கனத்தில் ஏறாது, குறைத்தால் தள்ள நீர் போதாது. வால்வு செருகிய ரப்பர் கார்க், சைக்கிள் பம்ப், நீளமான குழாய். அழுத்தம் 60 பிஎஸ்ஐயை (பம்ப் மீட்டரில் காட்டும் காற்றழுத்த அளவு) தாண்டக்கூடாது. பெரும்பாலும் அதற்கு முன்பே கார்க் கழன்று பாட்டில் கிளம்பிவிடும். கிளம்பாவிட்டால் யாரும் குனிந்து பார்க்கப் போகாதீர்கள். 5 மீட்டர் தள்ளி நின்றபடி பம்ப் பக்கம் குழாயைக் கழற்றிக் காற்றை இறக்கிவிட்டு, அப்புறம் கிட்டே போங்கள்.