சுவரில் துளை போடாமல், வீட்டில் இரண்டு ஏர் ரைபிள் நிறுத்த எளிய ஸ்டாண்டு: செய்யலாமா, வாங்கலாமா?

வாடகை வீட்டில் சுவரைத் தொடாமல் இரண்டு ஏர் ரைபிளை நிறுத்த ஸ்டாண்டு செய்வதா, வாங்குவதா என்று கேட்டிருந்தீர்கள். நாங்களும் வாடகை வீடுதான். ஒரு ஆணி அடித்தாலே ஹவுஸ் ஓனர் முகம் மாறிவிடும். மகள் 10 மீட்டர் ஏர் ரைபிள் (காற்றழுத்தத்தில் சுடும் துப்பாக்கி) போட்டிக்குப் பயிற்சி செய்கிறாள், நானும் பொழுதுபோக்குக்குச் சுடுவேன். ஆக இரண்டு துப்பாக்கி. ஸ்டாண்டை இரண்டு முறை செய்தேன். முதலாவது விழுந்தது.

அதற்குக் காரணம் என் கஞ்சத்தனம். இடம் மிச்சமாகட்டும் என்று அடிப்பலகையை 10 இன்ச் அகலத்தில் நிறுத்திவிட்டேன். ஒருநாள் மகள் தன் ரைபிளை எடுக்கும்போது தோள்வார் சட்டத்தில் மாட்டி, இன்னொன்றையும் சேர்த்து இழுத்துக்கொண்டு சாய்ந்தது. துப்பாக்கியின் மரக்கட்டை பிழைத்தது, டயாப்டர் சைட் (சிறு துளை வழியாகக் குறிபார்க்கும் கருவி) நகர்ந்துவிட்டது. மறுபடி ஜீரோ பண்ணவே, அதாவது குறி சரியாக விழும்படி திருத்தவே, ஒரு டப்பா பெல்லட் (ஏர் ரைபிள் குண்டு) போனது.

இப்போது இருப்பது 18 மிமீ பிளைவுட். அடிப்பலகை 24 இன்ச் நீளம், 18 இன்ச் அகலம். துப்பாக்கி சாய்ந்து நிற்பதால், குழலைத் தாங்கும் மேல்சட்டத்தைப் பின்னால்தான் தள்ளும்; அதனால் சட்டத்துக்குப் பின்னாலும் 6 இன்ச் பலகை நீள வேண்டும். அதன்மேல் 2 அடிக்கு 1 அடி கடப்பா கல் ஒன்றை வைத்தேன். சமையல்கட்டு வேலையில் மிஞ்சியது, 9, 10 கிலோ இருக்கும். அதற்குப் பிறகு அசையவே இல்லை.

மேல்சட்டம் தரையிலிருந்து 30 இன்ச். அதில் குழல் உட்காரும் வெட்டு 2 இன்ச் அகலம், 3 இன்ச் ஆழம். குழலுக்குக் கீழே காற்று சிலிண்டர் இருப்பதால் ஆழம் குறைந்தால் உட்காராது. ஒரு வெட்டுக்கும் அடுத்ததற்கும் 8 இன்ச் இடைவெளி விடுங்கள், இல்லாவிட்டால் குண்டு போடத் திறக்கும் பக்கவாட்டு லிவர் இடிக்கும். சைட் நம் பக்கம், அடிப்பக்கம் சட்டத்தில் சாய வேண்டும். ஆசாரியிடம் அளவைச் சொல்வதைவிட, அட்டையில் வெட்டி, துப்பாக்கியை நிறுத்திக் காட்டிவிடுவது நல்லது.

எனக்கு நிஜமாகத் தலைவலி கொடுத்தது பட் பிளேட், அதாவது தோளில் பதியும் பின்முனைத் தகடு. போட்டி ரைபிளில் அது வளைந்து, கொக்கி மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். சமதளப் பலகையில் வைத்தால் இரண்டு முனையில் நின்று வழுக்கும். கடையில் ரெடிமேடாகக் கிடைக்கிற ஸ்டாண்டுகள் பெரும்பாலும் சாதாரண வேட்டை ரைபிளின் நேரான கட்டைக்கு ஏற்றவை, இங்கேதான் உதைக்கும். நான் பழைய ஜீன்ஸ் காலில் பை தைத்து, அதை ஒரு திறந்த பெட்டிக்குள் வைத்துவிட்டேன். எந்த வடிவமானாலும் அமுங்கி ஏற்றுக்கொள்ளும். முதலில் உள்ளே பச்சைப்பயறு போட்டேன், வண்டு வந்துவிட்டது. இப்போது சலித்துக் காயவைத்த மணல், அதுவும் பிளாஸ்டிக் கவரில் கட்டி. மணல் ஒரு துளி மெக்கானிசத்துக்குள் போனாலும் வம்பு.

வெட்டுகளில் ஃபெல்ட் துணி ஒட்டியிருக்கிறேன். தோல் வேண்டாம், பதனிட்ட தோலில் உள்ள உப்பும் அமிலமும் இரும்பில் துருவைக் கிளப்பும். ஸ்பாஞ்சும் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மழைக்காலத்தில் ஃபெல்ட்டும் நமத்துப்போகிறது, வெயிலில் உலர்த்த வேண்டியிருக்கிறது.

ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ளாதீர்கள். ஸ்டாண்டு என்பது துடைக்க, பயிற்சிக்கு நடுவே நிறுத்தி வைக்க. இரவில் கேஸுக்குள் போட்டு பீரோவில் பூட்டிவிடுவேன். ஸ்டாண்டில் நிற்கும்போதும் குழலில் சேஃப்டி ஃபிளாக், அதாவது உள்ளே குண்டு இல்லை என்று காட்டும் நிற நாடா, இருக்கும். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வருகிற நாளில் துப்பாக்கி பீரோவை விட்டு வெளியே வராது. 2016 ஆயுத விதிகளின்படி குண்டின் சக்தி 20 ஜூலுக்கும் குழல் விட்டம் 4.5 மிமீக்கும் மேற்படாத ஏர் ரைபிளுக்கு உரிமம் தேவையில்லை என்பதால் சிலர் அதை விளையாட்டுச் சாமான் மாதிரி ஹாலில் நிறுத்திவிடுகிறார்கள். கண் போக அந்த பெல்லட் போதும். உங்களுடையது உரிமம் தேவைப்படும் நிஜத் துப்பாக்கி என்றால் இந்தத் திறந்த ஸ்டாண்டே வேண்டாம், இரும்புப் பெட்டகம்தான்.

உங்கள் கேள்விக்குப் பதில்: போட்டி ரைபிள் என்றால் செய்துகொள்ளுங்கள். நேரான கட்டை உள்ள சாதாரண ஏர் கன் என்றால், அடிப்பலகை அகலமாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்து வாங்கிவிடலாம். வாங்கியதன் மேலும் ஒரு கடப்பா கல் வையுங்கள்.