ஐகானும் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரும்

அன்புள்ள அண்ணா,

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். பள்ளியில் படிக்கும்போது எங்கள் சித்தப்பா ஃபோர்டு ஐகான் 1.6 வைத்திருந்தார். பழனிக்குப் போகும்போது முன்சீட்டுக்காக நானும் தங்கையும் சண்டை போடுவோம். இப்போது 2003 மாடல் ஐகான் 1.6 ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. இரண்டாவது ஓனர், பெயின்ட் பளபளவென்று இருக்கிறது. என் மனைவி, “இருபது வருஷத்துக்கு மேல ஆன வண்டிய யாராவது காசு குடுத்து வாங்குவாங்களா?” என்கிறாள். வாங்கலாமா? மைலேஜ் எவ்வளவு கிடைக்கும்? ஸ்பேர் கிடைக்குமா? 16 இன்ச் அலாய் வீல் போட்டு எக்ஸாஸ்ட்டும் மாற்ற ஆசை. வண்டியைப் பார்த்த மெக்கானிக், “பழைய இன்ஜினுக்குக் கூலன்ட் எல்லாம் எதுக்கு, தண்ணியே போதும், இத்தனை வருஷமா அப்படித்தான் ஓடுது” என்றார். பராமரிப்புச் செலவும் குறைவுதான் என்று தோன்றுகிறது.

(திருப்பூரிலிருந்து ஒரு வாசகர்)

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதத்தின் கடைசி இரண்டு வரிகளைப் படித்ததும் மற்ற எல்லாம் பின்னால் போய்விட்டன. போன வாரம் கோவை உக்கடத்தில் ஒரு பழைய சாமான் கடையில் வெள்ளை ஐகான் ஒன்றைப் பார்த்தேன். நான்கு கதவும் நேராக இருந்தன, அடியில் துரு இல்லை, சீட்டு கிழியவில்லை. இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டைக் கழற்றி ஓரமாக வைத்திருந்தார்கள். தண்ணீர் ஓடும் துளைகளில் பாதி, காவி நிறச் சேறு காய்ந்து அடைத்துக் கிடந்தது. அன்றிலிருந்து அந்த நினைப்பாகவே இருக்கிறேன். அப்போதுதான் உங்கள் கடிதம் வந்தது.

சில கேள்விகளை முதலில் முடித்துவிடுகிறேன். மைலேஜ் பெரிய கவலை என்றால் இந்த வண்டி வேண்டாம். அலாய் வீலும் எக்ஸாஸ்ட்டும் வேண்டவே வேண்டாம். கம்பெனி போட்ட அளவிலேயே நல்ல டயராகப் போடுங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்தது. டயரின் பட்டன் தேயாமல் இருக்கிறது என்று விற்கிறவர் காட்டுவார், நீங்கள் அந்த எண்ணைப் பாருங்கள். அடுத்து ஆர்சி. 15 வருஷத்துக்குப் பிறகு ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 20 வருஷம் தாண்டிய காருக்குப் புதுப்பிக்கும் கட்டணத்தை 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாய் ஆக்கிவிட்டார்கள். 2003 வண்டி என்றால் ஏற்கெனவே இரண்டு முறை புதுப்பித்திருக்க வேண்டும். அதைப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

உங்கள் மனைவி சொல்வதைத் தள்ளாதீர்கள். அவர் வயதைச் சொல்கிறார், நான் பாதுகாப்பைச் சொல்கிறேன். இங்கே பிரேக் அடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ், ஓட்டுநருக்கு ஏர்பேக் எல்லாம் எல்லாக் கார்களிலும் கட்டாயமானது 2019-ல்தான். 2003-ல் வந்த வண்டிகளில் பெரும்பாலானவற்றில் இவை கிடையாது. குழந்தை குட்டியோடு ராத்திரி நேரத்தில் நான்குவழிச் சாலையில் ஓசூர் வரை போவதற்கு இது வண்டி இல்லை. வீட்டில் இன்னொரு வண்டி இருந்தால் மட்டும் இதை வாங்குங்கள்.

இவ்வளவு சொல்லிவிட்டு, இந்த வண்டி மேல் எனக்கு இருக்கும் பிரியத்தையும் சொல்லாவிட்டால் அநியாயம். 1999-ல் மறைமலை நகர் தொழிற்சாலையிலிருந்து ஐகான் வெளியே வந்தபோது தமிழ்நாட்டுக்காரர்களுக்கு அது சொந்த ஊர் வண்டி. 1.3, 1.6 பெட்ரோல், 1.8 டீசல் என்று வந்தது. இங்கிருந்து மெக்சிகோவுக்கும் தென்னாப்பிரிக்காவுக்கும் கப்பலேறியது. அந்த 1.6 பெட்ரோல் இன்ஜினுக்கு ரோகாம் என்று பெயர். 92 குதிரைத்திறன். அதே காலத்து ஹோண்டா சிட்டி விடெக்குக்கு 106. அதைச் சொல்லி இதை மட்டம் தட்டுகிறவர்கள் உண்டு. சிட்டியின் இன்ஜினை விரட்டி விரட்டி வேகமாகச் சுற்றவிட்டால்தான் அதன் குணம் தெரியும். ஐகான் இன்ஜின் மெதுவாகச் சுற்றும்போதே நன்றாக இழுக்கும். ஆழியாறு தாண்டி வால்பாறைக்கு ஏறும்போது 40 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன அல்லவா, அங்கே இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். வளைவுக்கு முன்னால் பிரேக்கை விட்டு, இரண்டாவது கியரில் ஸ்டீயரிங்கைத் திருப்பினால், முன் டயர் எந்தக் கல்லின் மேல் ஏறுகிறது என்பது உள்ளங்கைக்குத் தெரியும். ஹைட்ராலிக் பவர் ஸ்டீயரிங் அது. வண்டியின் எடையும் ஒரு டன்னை ஒட்டித்தான். இன்றைக்கு வரும் உயரமான கார்களில் ஒற்றை விரலால் திருப்பலாம், ஆனால் சாலை என்ன சொல்கிறது என்று கைக்கு ஒன்றும் வந்து சேராது. வேகத்தைப் பற்றி நான் பேசவில்லை. ஒன்பதாவது வளைவில் வரையாடு நிற்கும், புதுத்தோட்டத்தில் சிங்கவால் குரங்கு குறுக்கே போகும். அங்கே வேகமாகப் போகிறவனை எனக்குப் பிடிக்காது. நாற்பது கிலோமீட்டர் வேகத்திலேயே சந்தோஷம் தரும் வண்டி இது.

அப்புறம், இது நான்கு கதவு வண்டி. முகூர்த்தத்துக்கு அம்மாவையும் அத்தையையும் பட்டுப்புடவை கசங்காமல் கூட்டிப்போய் இறக்கிவிட்டு, திரும்பும்போது தனியாக மலைப்பாதையில் ஓட்டி வரலாம். இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் காருக்கு இந்தக் கொடுப்பினை கிடையாது. உங்கள் சித்தப்பாவுக்கு இது தெரிந்திருக்கும்.

சரி, தண்ணீருக்கு வருகிறேன்.

தம்பி, நீங்கள் திருப்பூர்க்காரர். பனியன் கம்பெனியில் இருக்கிறீர்கள். உங்கள் துணி போகும் சாயப்பட்டறையில் பாய்லர் இருக்கும். அதற்குள் போர் தண்ணீரை அப்படியே விடுவார்களா? சாஃப்ட்னர் வைத்து, உப்பு எடுத்து, சோதித்துப் பார்த்துத்தான் விடுவார்கள். விடாவிட்டால் குழாய்க்குள் உப்புப் படிந்து பாய்லர் வீணாகும் என்று அங்கே ஹெல்ப்பருக்கும் தெரியும். திருப்பூர் நிலத்தடி நீர் எந்த லட்சணத்தில் இருக்கிறது என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்தத் தண்ணீரை ஒரு இன்ஜினுக்குள் வருஷக்கணக்காக ஊற்றியதாக ஒருவர் உங்கள் முகத்துக்கு நேரே சொல்கிறார், நீங்கள் செலவு மிச்சம் என்று சந்தோஷப்பட்டு எனக்கு எழுதுகிறீர்கள்! எனக்குக் கோபம் வந்தது. இப்போதும் இருக்கிறது.

இன்ஜின் சூட்டைத் தணிக்கத் தண்ணீரோடு கலந்து ஊற்றும் கூலன்ட் பனி பெய்கிற நாட்டுக்கு, நமக்கு எதற்கு என்று கேட்கிறவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். உறையாமல் பார்த்துக்கொள்வது அதன் ஒரு வேலை. நமக்குத் தேவையானது மற்ற இரண்டு வேலைகள். பாதிக்குப் பாதி கலந்த கூலன்ட் 100 டிகிரியில் கொதிக்காது, சாதாரண அழுத்தத்திலேயே 107 டிகிரி வரை தாங்கும். கூலன்ட் டப்பாவின் மூடி அழுத்தத்தைப் பிடித்து வைப்பதால் உள்ளே அதற்கும் மேல் தாங்கும். மே மாதத்தில் ஏசி போட்டுக்கொண்டு அவிநாசி ரோட்டு சிக்னலில் நிற்கும் வண்டிக்கு இது வேண்டுமா வேண்டாமா? இன்னொரு வேலை அரிப்பைத் தடுப்பது. ரோகாம் இன்ஜினில் பிளாக் எனும் அடிப்பகுதி வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம். இரண்டு உலோகத்துக்கு நடுவே உப்புத் தண்ணீர் ஓடினால் இரும்பு துருப்பிடிக்கும், அலுமினியம் அரித்துப்போகும். அந்தத் துருவும் உப்பும் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் போய் உட்காரும். சூடு வெளியேற வழியில்லாமல் ஹெட் வளையும், ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் கசிவைத் தடுக்கும் கேஸ்கெட் போகும், தண்ணீர் ஆயிலில் கலக்கும். ஆயில் மூடியைத் திறந்தால் அடியில் பால் கலந்த டீ நிறத்தில் பசை ஒட்டியிருக்கும். அதற்குப் பிறகு அந்த வண்டி உக்கடத்துக்குத்தான் போகும்.

கூலன்ட் ரேடியேட்டருக்குப் போவதைச் சூட்டைப் பொறுத்துத் திறந்து மூடுவது தெர்மோஸ்டாட். ரோகாமில் அதன் கூடான ஹவுசிங் பிளாஸ்டிக். வயதாகும்போது அது விரிசல் விடும் என்பது இந்த வண்டி வைத்திருக்கும் எல்லாருக்கும் தெரியும். இன்ஜினின் பக்கத்தில் வெள்ளையாகவோ பச்சையாகவோ கறை வழிந்து காய்ந்திருந்தால் அங்கேதான் கசிகிறது. சின்னப் பொருள்தான், மாற்றிவிடலாம். மாற்றாமல் தினமும் காலையில் ஒரு பாட்டில் தண்ணீர் ஊற்றி ஓட்டுகிறவர்கள்தான் இன்ஜினைக் கொல்கிறவர்கள். இன்னொன்றும் கேளுங்கள். கூலன்ட்டில் முங்கியிருக்கும் சென்சாரைக் கொண்டு சூட்டைக் காட்டும் வண்டிகளில், மொத்தமும் கசிந்து காலியானால் சென்சார் வெறும் காற்றில் நிற்கும். முள் ஏறாமலே இருக்கக்கூடும். முள் நடுவில்தானே இருந்தது என்று பிறகு அழுது பிரயோஜனம் இல்லை.

பொள்ளாச்சியில் ஒரு வயதான மெக்கானிக் இருந்தார். பழைய கார் பார்க்க அவரைக் கூட்டிக்கொண்டு போவேன். ஒருமுறை ஒரு தோப்பு வீட்டில் ஐகான் ஒன்று. விற்கிறவர் சாவியைப் போட்டு, “சத்தத்தக் கேளுங்க, புது வண்டி தோத்துது” என்று கிளப்பப் போனார். இவர் கையைக் காட்டி நிறுத்திவிட்டு பானெட்டைத் திறந்தார். முதலில் புறங்கையால் இன்ஜினைத் தொட்டார், ஆறியிருக்கிறதா என்று. பிறகு ரேடியேட்டருக்குப் போகும் மேல் ரப்பர் ஹோஸைப் பிடித்து அழுத்தினார். அடுத்து கூலன்ட் டப்பாவின் மூடியைக் கழற்றி, ஆள்காட்டி விரலை உள்ளே விட்டு விளிம்பைச் சுற்றித் துடைத்தார். விரல் நுனியில் செம்மண் நிறத்தில் வழவழவென்று வந்தது. அதைக் கட்டைவிரலோடு சேர்த்துத் தேய்த்துப் பார்த்தார். “தண்ணி ஊத்துனது யாருங்க?” என்று கேட்டார். விற்கிறவர், “எல்லாரும் ஊத்தறதுதானுங்களே” என்றார். இவர் வேட்டி ஓரத்தில் விரலைத் துடைத்துக்கொண்டு என்னிடம், “வாங்க கண்ணு, போலாம்” என்று நடந்துவிட்டார். வண்டியைக் கிளப்பிக்கூடப் பார்க்கவில்லை. வரும் வழியெல்லாம் அவர் முகம் இறுகியே இருந்தது. வண்டியை நினைத்து வருத்தப்பட்டார் மனிதர். அவர் இப்போது இல்லை. உங்கள் மெக்கானிக் சொன்னதைப் படித்தபோது இவர் என்ன பாடு படுத்தியிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் ஹோஸை அழுத்தினார் என்று சொன்னேன் அல்லவா, மீதிப் பராமரிப்பும் அதே ரப்பர்தான். ரோகாமில் வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்ட்டைச் சுற்றுவது செயின், அறுந்துபோகும் பெல்ட் கிடையாது. வேளாவேளைக்கு ஆயில் மாற்றினால் இன்ஜின் உங்களைக் கைவிடாது. போவதெல்லாம் ரப்பரும் பிளாஸ்டிக்கும். ஹோஸை அழுத்தும்போது நொறுநொறுவென்றாலும் கொழகொழவென்றாலும் மாற்ற வேண்டும். ஐட்லிங்கில் கியர் லிவர் நடுங்கினால் இன்ஜின் மவுன்ட்டைப் பாருங்கள். வேகத்தடையில் இறங்கும்போது முன்னால் டொக்கென்று கேட்டால் லோயர் ஆர்ம் புஷ்ஷோ பால் ஜாயின்ட்டோ போயிருக்கும். ஷாக் அப்சார்பரோடு அதன் மேல் மவுன்ட்டையும் சேர்த்து மாற்றிவிட்டு, வீல் அலைன்மென்ட் பாருங்கள். இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய வண்டிகளில் சில ரப்பர் பாகங்களையும் கேஸ்கெட்டுகளையும் சீக்கிரமே மாற்ற வேண்டியிருக்கலாம் என்று அரசாங்கமே சொல்லியிருக்கிறது. பெட்ரோல் ஹோஸ்களை வண்டி வாங்கிய வாரமே மாற்றிவிடுங்கள். அதில் வெடிப்பு விட்டால் நெருப்புதான். அலாய்க்கும் எக்ஸாஸ்ட்டுக்கும் எடுத்து வைத்திருக்கும் காசை இந்த ரப்பர்களுக்குக் கொடுங்கள். சித்தப்பா வண்டியில் முன்சீட்டில் உட்கார்ந்தபோது இருந்த அந்த இறுக்கமும் அமைதியும் அப்போதுதான் திரும்ப வரும்.

ஸ்பேர் கேட்டிருந்தீர்கள். மறைமலை நகரில் 2022-ல் உற்பத்தி நின்றுவிட்டது. ஆனாலும் சென்னை ஜி.பி. ரோட்டிலும் புதுப்பேட்டையிலும் கோவை உக்கடத்திலும் தேடினால் பெரும்பாலானவை கிடைக்கும். பழைய வண்டியிலிருந்து கழற்றியதை வாங்கும்போது இரும்பை வாங்கலாம், ரப்பரை வாங்கக்கூடாது. தெர்மோஸ்டாட் ஹவுசிங் அலுமினியத்தில் கிடைத்தால் விடாதீர்கள்.

கூலன்ட்டை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள், டிஸ்டில்டு வாட்டரில் கலந்து. வேறு வேறு நிறத்தை ஒன்றாக ஊற்றாதீர்கள். வழியில் சூடேறினால் ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுதாகத் திறந்து, ஓரமாக நிறுத்துங்கள். இன்ஜின் ஆறுகிற வரை மூடியைத் தொடக்கூடாது. கொதிக்கிற இன்ஜினில் பச்சைத்தண்ணீரை ஊற்றினால் ஹெட்டில் விரிசல் விழக்கூடும். ஆறிய பிறகு, வேறு வழியில்லை என்றால் குடிக்கிற தண்ணீரை ஊற்றி வீடு வந்து சேரலாம். வந்ததும் முழுதாக வடித்துவிட்டு மறுபடி கூலன்ட் நிரப்ப வேண்டும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை வண்டியைப் பார்க்கப் போங்கள். விடியற்காலையிலேயே போங்கள், “நான் வருகிற வரை ஸ்டார்ட் பண்ண வேண்டாம்” என்று விற்கிறவரிடம் முந்தின நாளே சொல்லிவிடுங்கள். அந்த மெக்கானிக்கைக் கூட்டிப்போகாதீர்கள், மனைவியைக் கூட்டிப்போங்கள். மூடியைத் திறந்து விரலை விட்டுப் பாருங்கள். செம்மண் நிறம் வந்தால், பெயின்ட் எவ்வளவு பளபளத்தாலும் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள், வேறு ஐகான் கிடைக்கும். சுத்தமாக இருந்தால் ஹோஸ், ஹவுசிங், பெட்ரோல் குழாய்க்கு ஆகும் செலவைக் கணக்குப் போட்டு விலையில் குறைத்துக் கேளுங்கள்.

அன்புடன்.