பாஸ்கா (ஈஸ்டர்) முடியட்டும் என்று எதைத் தள்ளிவைக்கிறீர்கள்?

மதிப்பிற்குரிய அம்மாவுக்கு,

எனக்கு 47 வயது. தூத்துக்குடிப் பக்கம் ஒரு கடற்கரை ஊர். தவக்காலம் தொடங்கி ஒரு வாரம்கூட முழுசாக ஆகவில்லை, அதற்குள் மனசு விட்டுப்போச்சு. சாம்பல் புதன் பூசைக்கு வீட்டிலிருந்து நான் ஒருத்திதான் போனேன். நெற்றியில் வைத்த சாம்பலை ராத்திரி வரை துடைக்கவில்லை. ஒருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை என் கணவர் வெளியில் பிரியாணி சாப்பிட்டுவிட்டு வருகிறார். 13 வயது மகன் அன்றைக்கே ஆம்லெட் கேட்டு அடம்பிடிக்கிறான். என் அம்மா இருந்த காலத்தில் 40 நாளும் கறிச்சட்டி அடுப்பேறாது. இங்கே என்னைத் தவிர யாருக்கும் கடவுள் பயமே இல்லை.

எப்போதும் வெள்ளி மட்டும்தான் ஒருவேளைச் சாப்பாட்டோடு ஒருசந்தி இருப்பேன். இந்தத் தடவை ஞாயிறு உட்பட தினமும் இருக்கிறேன், மாதாவிடம் நேர்ந்திருக்கிறேன். பொங்கல் சமயம் குளிக்கும்போது இடது மார்பில் சுண்டைக்காய் அளவில் ஏதோ தட்டுப்பட்டது, வலி கிலி ஒன்றுமில்லை, அம்மாவுக்கும் அந்தப் பக்கம்தான், பாஸ்கா முடியட்டும் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். அது கிடக்கட்டும். சிலுவைப்பாதைக்குக் கூப்பிட்டால் கணவர் டிவியிலிருந்து கண்ணை எடுப்பதில்லை. நான் சாப்பிட்டேனா என்று கேட்கக்கூட ஆளில்லை. இவர்களை எப்படித் திருத்துவது?

பெயர் வெளியிட வேண்டாம்.

அன்புச் சகோதரிக்கு,

பிரியாணிக்கு ஒரு வரி, ஆம்லெட்டுக்கு ஒரு வரி எழுதிய நீங்கள் மார்பில் தட்டுப்பட்ட கட்டியை 'அது கிடக்கட்டும்' என்று தாண்டிவிட்டீர்கள். அது கிடக்கக் கூடாது.

வீட்டாரைப் பற்றிச் சுருக்கமாக: சுத்தபோசனம் (கறி சாப்பிடாமல் இருப்பது) 14 வயது நிறைந்தவர்களுக்குத்தான், முட்டை அதில் விலக்கும் இல்லை. மகனை விட்டுவிடுங்கள். கணவரிடம் ஒருமுறை சொல்லுங்கள், போதும். 'சாப்பிட்டாயா' என்று அவர் ஒருநாள் கேட்டிருந்தால், மற்றதையும் சொல்லி அழுதிருப்பீர்கள். அப்படி யாரும் கேட்காததுதான் உங்களுக்குக் கோபமாக வருகிறது. ஆனால் நீங்கள் சொல்லாமல் அவருக்கு எப்படித் தெரியும்?

சாம்பல் புதனன்று வாசிக்கப்படும் நற்செய்தி மத்தேயு 6-ஆம் அதிகாரம். நோன்பிருக்கும்போது தலையில் எண்ணெய் தேய்த்து முகத்தைக் கழுவிக்கொள், அது உன் தந்தைக்கு மட்டும் தெரியட்டும் என்கிறார் இயேசு. நீங்கள் சாம்பலை ராத்திரி வரை வீட்டாருக்குக் காட்டிக்கொண்டிருந்தீர்கள், கட்டியை ஒளித்து வைத்திருக்கிறீர்கள். வருத்தப்படாதீர்கள், இதைச் சொல்லத்தான் வேண்டும்.

அடுத்து உங்கள் நேர்ச்சை. சாம்பல் புதனும் பெரிய வெள்ளியும் ஆகிய இரண்டே நாள்தான் திருச்சபை ஒருசந்தியைக் கடமையாக்கியிருக்கிறது, அதுவும் 18 முதல் 59 வயது வரை. நோயாளிகளுக்கு அதுவும் இல்லை. சாம்பல் புதனிலிருந்து பெரிய சனி வரை எண்ணினால் 46 நாள். உயிர்ப்பின் நாள் என்பதால் 6 ஞாயிறுகளைக் கழித்தே 40 ஆகிறது. கேட்காத ஞாயிறையும் சேர்த்துப் பட்டினி கிடந்து, பதிலுக்கு ஒன்றை எதிர்பார்க்கிறீர்கள். அதற்குப் பெயர் பேரம். உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. அம்மாவைப் பக்கத்திலிருந்து பார்த்தவர் நீங்கள். 'மண்ணுக்கே திரும்புவாய்' என்று குருவானவர் சொன்னபோது அது உங்கள் காதில் தீர்ப்பாகவே விழுந்திருக்கும். ஆனால் அது அந்த வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் சொல்லப்பட்டது, சாம்பல் வைத்த குருவானவருக்கும் சேர்த்து. போன வருஷம் பச்சையாகப் பிடித்த குருத்தோலைதான் எரிந்து இந்த வருஷம் நெற்றிக்கு வருகிறது. இருக்கும் நாளில் செய்ய வேண்டியதைச் செய் என்று தவக்காலம் முதல் நாளே சொல்லித் தொடங்குகிறது. அன்றைய இரண்டாம் வாசகத்தில் பவுல் சொல்வதும் 'இதுவே தகுந்த காலம், இன்றே மீட்பு நாள்' என்பதுதான். பாஸ்கா கழித்து என்று அவர் எழுதவில்லை.

பைபிளில் சீராக் நூலின் 38-ஆம் அதிகாரத்தை எடுத்து வாசியுங்கள். ஆண்டவர் மருந்துகளை நிலத்திலிருந்து உண்டாக்கினார் என்கிறது. நோயுற்றால் முதலில் மன்றாடு, பிறகு மருத்துவருக்கு இடம் கொடு என்கிறது. மன்றாடிவிட்டீர்கள். அடுத்ததுதான் பாக்கி.

மார்பில் வரும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் இல்லை. ஆனால் வலி இல்லை என்பதை வைத்து எதையும் முடிவுசெய்ய முடியாது. அம்மாவுக்கு இருந்தது என்பதால் உங்களுக்குத் தாமதம் கூடவே கூடாது. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கையால் தொட்டுப் பார்ப்பார்கள், தேவைப்பட்டால் மேமோகிராமுக்கோ (மார்பு எக்ஸ்ரே) ஸ்கேனுக்கோ பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். சந்தேகம் இருந்தால் ஊசியால் துளி சதை எடுத்துப் பரிசோதிப்பார்கள். ஊசி குத்தினால் பரவிவிடும் என்ற பேச்சை நம்பாதீர்கள். அம்மாவுக்கு எந்த வயதில் வந்தது என்பதை மறக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

இன்று இரவு டிவியை நீங்களே அணைத்துவிட்டுக் கணவரிடம் சொல்லுங்கள். நாளைக்கு இரண்டு பேருமாகப் போங்கள். மேமோகிராம் எடுக்கும் நாளில் அக்குளிலும் மார்பிலும் பவுடர் பூசாதீர்கள், படத்தில் புள்ளியாக விழும். நாளைக்கு ஒருசந்தி வேண்டாம். காலையில் நாலு இட்லி சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள்.