மிட்டாய் தின்றும் நடுக்கம் ஏன் அடங்கவில்லை?

கேள்வி: வயது 58, ஊர் களியக்காவிளை. சர்க்கரை நோய்க்கு மெட்பார்மின் 500 இரண்டு வேளை, காலையில் கிளிமிபிரைடு 1 மி.கி. பாறசாலையில் ஏகநாயகம் என்று வாங்கிய வேரைக் கொதிக்கவைத்து, காலைச் சாப்பாட்டுக்கு முன் ஒரு கிளாஸ் குடிக்கிறேன். வெறும்வயிற்றுச் சர்க்கரை 150-லேயே நிற்கிறது, வயிறு உப்புகிறது. இரண்டு தடவை பதினொரு மணிவாக்கில் வேர்த்துக் கை நடுங்கியது. மிட்டாய் தின்றும் சீக்கிரம் அடங்கவில்லை. மாத்திரையை விட்டுவிட்டு வேரை மட்டும் குடிக்கலாமா?

பதில்: மாத்திரையை விடக்கூடாது. வேரைத்தான் இன்றே நிறுத்துங்கள். எனக்குக் கவலை அந்தப் பதினொரு மணி நடுக்கம்தான்.

ஏகநாயகம் என்பது நம் பொன்கொரண்டி. அதிலுள்ள சலாசினால், கொட்டலனால் இரண்டும் மாவையும் சீனியையும் குளுக்கோஸாக உடைக்கும் சிறுகுடல் நொதிகளைத் தடுக்கும். அகார்போஸ் என்ற சர்க்கரை மாத்திரைக்கும் இதே வேலைதான். காலையில் தின்ற மரச்சீனிக் கிழங்கும் புட்டும் மெதுவாகச் செரிக்கும். செரிக்காத மிச்சம் பெருங்குடலில் புளித்துக் காற்றாகும். உப்புசம் அதனால்தான்.

கிளிமிபிரைடு சாப்பாடு செரித்ததா என்று பார்ப்பதில்லை, கணையத்தை இன்சுலின் சுரக்கவைத்துவிடும். இன்சுலின் வந்தாயிற்று, குளுக்கோஸ் வந்து சேரவில்லை. உடனே வேர்வை, நடுக்கம். மிட்டாயும் சீனிதானே, அதை உடைக்கும் நொதியையும் வேர் பிடித்துவைத்திருக்கிறது. உடைக்க வேண்டாதது குளுக்கோஸ் பவுடர். நடுக்கம் வந்தால் 15 கிராம், அதாவது மூன்று டீஸ்பூன், தண்ணீரில் கலக்கிக் குடியுங்கள். 15 நிமிடம் கழித்தும் மீட்டரில் 70-க்குக் கீழே இருந்தால் இன்னொரு தடவை. நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, நேராக ஆஸ்பத்திரிதான். இதை வீட்டில் இருப்பவர்களிடமும் சொல்லிவையுங்கள்.

வெறும்வயிற்றுச் சர்க்கரை பெரும்பாலும் ராத்திரி கல்லீரல் வெளிவிடுவது. குடலில் மாவைத் தடுக்கும் வேருக்கு அங்கே பிடி இல்லை, மெட்பார்மினுக்கு உண்டு. (செடிமருந்துமேல் பிரியம் என்றால், மெட்பார்மினுக்கும் மூலம் கலேகா என்ற ஐரோப்பியச் செடியின் கலெகின்தான். அளவு மட்டும் மாத்திரையில் மாறாது. கஷாயம் நாளுக்கொரு காரம்.)

மூன்று நாள் வெறும்வயிற்றிலும், சாப்பிட்டு இரண்டு மணி நேரத்திலும், பதினொரு மணிக்கும் சர்க்கரை பார்த்து எழுதி, ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை), கிரியாட்டினின் (சிறுநீரகச் சோதனை) ரிப்போர்ட்டோடு உங்கள் டாக்டரைப் பாருங்கள். மறுபடி நடுக்கம் வந்தால் மூன்று நாள் காத்திருக்க வேண்டாம். கிளிமிபிரைடைக் குறைப்பதா என்பதை அவர் சொல்லட்டும். வேர் குடித்ததை மறைக்காதீர்கள்.

வேருக்குப் பதில் இரும்பன்புளி (பிலிம்பி என்ற புளிப்புக் காய்) சாறு என்று யாராவது சொன்னால் அந்தப் பக்கமே போகவேண்டாம். அதிலுள்ள ஆக்சலேட் என்ற உப்பு சிறுநீரகத்தில் படிந்து, கேரளத்தில் டயாலிசிஸ் வரை போனவர்கள் உண்டு. சிறுநீரகம் கெட்டால் மெட்பார்மினையும் நிறுத்தவேண்டிவரும்.