காட்பாடி நண்பருக்கு: சிட்டியா, விட்டாராவா?

வணக்கம் சார். வாராவாரம் சென்னை, அவ்வப்போது ஏலகிரி, முழங்கால் வலியுள்ள அம்மா. ஹோண்டா சிட்டி ஹைப்ரிட்டா (பெட்ரோல் இன்ஜினோடு பேட்டரி மோட்டாரும் உள்ளது), மாருதி கிராண்ட் விட்டாரா ஹைப்ரிட்டா என்று கேட்டிருந்தீர்கள்.

ஓட்டுகிற சுகத்துக்கு சிட்டிதான். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளிலும் அதிகம் சாயாமல் திரும்பும். விட்டாராவை ஏற்றத்தில் அழுத்தினால் மூன்று சிலிண்டர் இன்ஜின் கொஞ்சம் கத்தும். சிட்டியில் ஏசிக்குத் திருகும் குமிழ் உண்டு; வேலூர் வெயிலில் ரோட்டிலிருந்து கண்ணெடுக்காமல் திருகலாம். திரை அதில் 8 அங்குலம், விட்டாராவில் 9. அது பெரிய விஷயமில்லை.

டிக்கிதான் இடிக்கும். பேட்டரி இரண்டிலும் பின்னால்தான், அதனால் சாமான் வைக்கும் இடம் குறையும். சாதா பெட்ரோல் சிட்டியில் டிக்கி 506 லிட்டர், ஹைப்ரிட்டில் 306.

அப்புறம், சிட்டி சீட் தாழ்வு. அம்மாவை ஷோரூமுக்கே கூட்டிப்போய் இரண்டு முறை ஏறி இறங்கச் சொல்லுங்கள். முகம் சுளித்தால் விட்டாரா.