மருத்துவர் பதில்: எடைக் குறைப்பு அறுவைச் சிகிச்சைக்குப் பிந்தைய இரண்டாம் ஆண்டு

கேள்வி: எனக்கு வயது 42. உயரம் 158 சென்டிமீட்டர். பினாங்கு பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்டு முறையில் வேலை செய்கிறேன். 14 மாதங்களுக்கு முன், இரைப்பையைச் சிறிதாக்கும் சிலீவ் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டபோது என் எடை 118 கிலோ. ஓராண்டில் 82 கிலோவுக்கு இறங்கினேன். இனிப்புநீருக்கு (நீரிழிவு) எடுத்துவந்த மெட்ஃபோர்மின் மாத்திரையையும் மருத்துவர் நிறுத்திவிட்டார். அதன்பின் எடை இறங்கவே இல்லை. இப்போது 84 கிலோ. முடி இன்னும் கொட்டுகிறது. எப்போதும் களைப்பாக இருக்கிறது, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. மாதவிடாயின்போது இரத்தப்போக்கு அதிகம். நன்றாகத்தானே இருக்கிறோம் என்று நினைத்து, ஆறாவது மாதத்திலேயே வைட்டமின் மாத்திரைகளை நிறுத்திவிட்டேன். 60 கிலோவுக்கு வரவேண்டும் என்பது என் ஆசை. அறுவைச் சிகிச்சை தோற்றுவிட்டதா? எடை குறைக்கும் ஊசி போட்டுக்கொள்ளலாமா? தைப்பூசத்திற்கு 48 நாள், ஒருவேளை உணவுடன் விரதமிருந்து பால்குடம் எடுக்க வேண்டிக்கொண்டிருக்கிறேன். அது சரிவருமா?

பதில்:

அன்புள்ள சகோதரி, உங்கள் கடிதத்தில் எடையைப் பற்றிய வருத்தம்தான் முதலிடம் பெற்றிருக்கிறது. எனக்கோ அந்த 2 கிலோவைவிட, நீங்கள் போகிற போக்கில் எழுதியுள்ள களைப்பும் மூச்சு வாங்குதலும்தான் பெரிய கவலையாகத் தெரிகின்றன. எனினும் நீங்கள் கேட்ட வரிசையிலேயே தொடங்குகிறேன்.

அறுவைச் சிகிச்சை தோற்கவில்லை. சிலீவ் முறையில் இரைப்பையின் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு அகற்றப்படுகிறது. பசியைத் தூண்டும் கிரெலின் என்னும் ஹார்மோனைப் பெருமளவு சுரக்கும் மேற்பகுதியும் அதனுடன் போய்விடுகிறது. இச்சிகிச்சை செய்துகொண்டவர்கள் 12 முதல் 18 மாதங்களுக்குள் தங்கள் பழைய எடையில் ஏறக்குறைய கால் பங்கிலிருந்து 30 விழுக்காடு வரை குறைவதே வழக்கம். 118 கிலோவில் நீங்கள் இழந்த 36 கிலோ 30 விழுக்காட்டைத் தொடுகிறது. அதாவது, இந்தச் சிகிச்சை எதைத் தரக்கூடுமோ அதை உங்களுக்குத் தந்துவிட்டது. 60 கிலோ என்பது பழைய எடையில் சரிபாதி. அந்த அளவுக்கு இறங்குவோர் மிகச் சிலரே. அந்த எண்ணை மனத்தில் வைத்துக்கொண்டு தினமும் எடை பார்த்தால், நல்ல முன்னேற்றமும் தோல்வியாகவே தெரியும். வாரத்திற்கு ஒருமுறை, ஒரே நேரத்தில், ஒரே இயந்திரத்தில் பார்த்தால் போதும்.

முதல் ஆண்டு முடியும் தறுவாயில் எடை நின்றுவிடுவதற்கும், பிறகு ஓரிரு கிலோ ஏறுவதற்கும் உடலியல் காரணங்கள் உண்டு. 118 கிலோ உடலைத் தாங்குவதற்குத் தேவைப்பட்ட சக்தி 84 கிலோ உடலுக்குத் தேவைப்படுவதில்லை. கொழுப்போடு சேர்ந்து தசையும் கரைந்திருக்கும். தசை குறைந்தால் உடல் ஓய்வில் செலவழிக்கும் சக்தியும் குறையும். தொடக்க மாதங்களில் மறைந்திருந்த பசியும் மெல்லத் திரும்புகிறது. இவற்றில் எதுவும் உங்கள் மனவுறுதியின் குறையன்று.

ஆனால் ஒன்றை மட்டும் நேர்மையாக யோசித்துப் பாருங்கள். சிறிதாக்கப்பட்ட இரைப்பை கோழி, மீன், பருப்பு போன்ற கெட்டியான உணவில் சீக்கிரம் நிறைந்துவிடும். திரவமும், வாயில் இட்டவுடன் கரைந்துவிடும் உணவும் அதில் தங்காமல் வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும். கெட்டிப்பால் ஊற்றிய தே தாரேக், மைலோ, தேநீரில் நனைத்த பிஸ்கட், முறுக்கு, குழம்பில் ஊறிய ரொட்டி சானாய் ஆகியவை வயிறு நிறைந்த உணர்வைத் தராமலேயே நாள் முழுவதும் உள்ளே போய்க்கொண்டிருக்கும். இரவு ஷிப்டில் வேலை செய்கிறவர்களிடம் இதை அடிக்கடி பார்க்கிறேன். அதிகாலை இரண்டு மூன்று மணிக்குத் தூக்கத்தை விரட்ட ஒரு மைலோ, ஷிப்டு முடிந்ததும் மாமாக் கடையில் ஒரு தே தாரேக் என்று பழகிவிடுகிறது. தூக்கம் குறைந்தாலே பசி கூடும் என்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு இது பொருந்தினால், வேறு எதையும் மாற்றுவதற்கு முன் இனிப்புப் பானங்களை நிறுத்துங்கள். சீனி போடாத தேநீரைக் குடிக்கலாம். அதையும் உணவோடு சேர்த்துக் குடிக்க வேண்டாம்.

இனி, என் கவலைக்கு வருகிறேன். 42 வயதில், மாதந்தோறும் அதிக இரத்தப்போக்கு உள்ள ஒரு பெண், சிலீவ் சிகிச்சைக்குப் பின் வைட்டமின்களை நிறுத்திவிட்டு, களைப்பும் மூச்சு வாங்குதலும் முடி உதிர்தலும் இருப்பதாகச் சொன்னால், இரத்தசோகை இருக்கிறதா என்பதையே நான் முதலில் பார்ப்பேன். இரைப்பையின் அமிலம் குறைந்துவிட்டதால் உணவிலுள்ள இரும்புச்சத்து முன்போல் உடலில் சேராது. வைட்டமின் பி12-ஐக் குடல் உறிஞ்சிக்கொள்வதற்குத் தேவையான ஒரு புரதம் இரைப்பையில்தான் சுரக்கிறது, அதுவும் குறைந்திருக்கும். நீங்கள் முன்பு எடுத்துவந்த மெட்ஃபோர்மினுக்கும் பி12-ஐக் குறைக்கும் இயல்பு உண்டு. கல்லீரலில் பி12 சேமிப்பு நீண்ட காலம் தாங்குவதால், வைட்டமின் மாத்திரையை நிறுத்தியதும் ஒன்றும் ஆகவில்லையே என்று தோன்றும். குறைபாடு வெளியே தெரியும்போது பாதங்களில் மரத்துப்போதல், எரிச்சல், நடையில் தடுமாற்றம் என்று நரம்புகளைத் தொட்டிருக்கும். அவ்வளவு தூரம் போகவிடக்கூடாது.

எனவே இந்த வாரமே அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கிலோ, உங்களுக்கு அறுவைச் சிகிச்சை செய்த மருத்துவமனையிலோ இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டுவது), பி12, ஃபோலேட், வைட்டமின் டி, கால்சியம், தைராய்டு, கல்லீரல், சிறுநீரகம், எச்பிஏ1சி (சில மாதங்களின் சராசரி இரத்தச் சர்க்கரையைக் காட்டுவது) ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். ஹீமோகுளோபின் சரியாக இருந்தாலும் ஃபெரிட்டின் குறைந்திருந்தால், சேமிப்பு காலியாகிக்கொண்டிருக்கிறது என்று பொருள். மாத்திரை போதாத நிலையில் இரும்பை இரத்தநாளம் வழியாகச் செலுத்த வேண்டி வரலாம். அதிக இரத்தப்போக்கைத் தனியாகப் பெண்கள் நல மருத்துவரிடம் காட்டுங்கள். வெளியேறும் இரத்தத்தைக் கவனிக்காமல் இரும்பை மட்டும் கொடுத்துக்கொண்டிருப்பதில் பயனில்லை. இரத்தத்தில் குறை ஏதும் தெரியாமல் மூச்சு வாங்குதல் நீடித்தால், நீரிழிவு இருந்தவர் என்பதால் இதயத்தையும் பரிசோதிக்க வேண்டும்.

வைட்டமின்கள் வாழ்நாள் முழுவதும் தொடர வேண்டியவை. அன்றாடம் ஒரு பல்சத்து மாத்திரை. மாதவிடாய் நிற்காத பெண்களுக்கு இரும்பு 45 முதல் 60 மில்லிகிராம். பி12 நாளொன்றுக்கு 350 முதல் 1000 மைக்ரோகிராம் மாத்திரையாகவோ, மாதம் ஓர் ஊசியாகவோ. உணவிலிருந்து கிடைப்பதையும் சேர்த்துக் கால்சியம் 1200 முதல் 1500 மில்லிகிராம். வைட்டமின் டி பொதுவாக 3000 யூனிட். இவை பொதுவான அளவுகள். பரிசோதனை முடிவைப் பார்த்து உங்கள் மருத்துவர் கூட்டவோ குறைக்கவோ செய்வார். இரும்பையும் கால்சியத்தையும் சேர்த்து விழுங்காதீர்கள். இரண்டு மணி நேர இடைவெளி விடுங்கள். கால்சியம் சிட்ரேட் வகை அமிலம் குறைந்த இரைப்பைக்கு ஏற்றது. சாப்பிட்ட கையோடு தேநீர் குடிக்கும் நம் பழக்கம் இரும்பு உடலில் சேர்வதைத் தடுக்கிறது என்பதையும் நினைவில் வையுங்கள்.

முடியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். விரைவாக எடை இறங்கும்போது மூன்றாம், நான்காம் மாதத்தில் முடி கொட்டத் தொடங்கி, பெரும்பாலோருக்கு ஓராண்டுக்குள் நின்றுவிடும். 14-ஆம் மாதத்திலும் தொடர்ந்தால் இரும்பு, துத்தநாகம், புரதம், தைராய்டு ஆகிய நான்கில் ஒன்று காரணமாக இருக்கலாம். கடையில் முடிக்கென்று விற்கும் பயோட்டின் என்னும் வைட்டமின் மாத்திரையை அதிக அளவில் எடுத்துவந்தால், பரிசோதனைக்குச் சில நாள் முன்பே மருத்துவரிடம் சொல்லி நிறுத்துங்கள். அது தைராய்டு முடிவுகளைத் தவறாகக் காட்டிவிடும்.

நீரிழிவு மாத்திரையை நிறுத்தும் அளவுக்கு வந்தது உண்மையிலேயே பெரிய செய்தி. 2019-ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடையே அது 31 விழுக்காட்டைத் தாண்டியது. நம் சமூகத்தில் கண்ணையும் காலையும் சிறுநீரகத்தையும் இந்நோய்க்குக் கொடுத்தவர்கள் இல்லாத குடும்பம் அரிது. மாத்திரை இல்லாமல் குறைந்தது மூன்று மாதம் எச்பிஏ1சி 6.5 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் நோய் தணிந்திருக்கிறது என்கிறோம். குணமாகிவிட்டது என்று சொல்வதில்லை. எடை ஏறினால் அது திரும்பக்கூடும். ஆகவே எச்பிஏ1சி, விழித்திரை, சிறுநீரகப் பரிசோதனைகளை ஆண்டுதோறும் தொடருங்கள். இரும்புக் குறைபாடு எச்பிஏ1சி அளவைச் சற்று உயர்த்திக் காட்டக்கூடும் என்பதால் இரண்டு முடிவுகளையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

உணவில் உங்களுக்கு நாளொன்றுக்கு 60 முதல் 80 கிராம் புரதம் தேவை. ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராம் இருக்கிறது. சமைத்த 100 கிராம் மீனில் 20 கிராமுக்கு மேல் கிடைக்கும். இட்லியோ நாசி லெமாக் சோறோ முதலில் உள்ளே போனால், புரதத்திற்கு இடமிருக்காது. எனவே தட்டில் உள்ள மீனையும் முட்டையையும் முதலில் உண்ணுங்கள், அடுத்து காய்கறி, கடைசியில் சோறு. சாப்பிட்ட பின் அரை மணி நேரம் கழித்துத் தண்ணீர் குடியுங்கள். நாள் முழுவதும் சிறிது சிறிதாக ஒன்றரை லிட்டரையாவது எட்டிவிடுங்கள். இரவு ஷிப்டுக்கு அவித்த முட்டை, சுண்டல், தயிர் ஆகியவற்றை வீட்டிலிருந்தே கொண்டுசென்றால், கேண்டீனில் மீ கோரேங்கைத் தவிர வேறில்லை என்ற நிலை வராது. இரத்தசோகை சரியானபின் வாரம் 150 நிமிட நடையோடு, இரண்டு நாளாவது தசைக்கு வேலை தரும் பயிற்சி வேண்டும். நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து உட்காருவதிலிருந்தே தொடங்கலாம். இழந்த தசையை மீட்டுத்தருவது இந்தப் பயிற்சியும் புரதமும்தான்.

விரதத்தைப் பற்றி நீங்கள் கேட்டது எனக்கு மகிழ்ச்சி; பலர் கேட்காமலேயே தொடங்கிவிடுகிறார்கள். 48 நாள் சைவமாக இருப்பதில் தடையில்லை. தெம்பே, டோஃபு, பன்னீர், தயிர், பருப்பு, கொண்டைக்கடலை ஆகியவற்றைப் பங்கிட்டு உண்டால் புரதம் கிடைத்துவிடும். ஆனால் ஒருவேளை உணவு உங்களுக்கு வேண்டாம். உங்கள் இரைப்பை ஒரு வேளையில் ஏற்கும் சிறு அளவில் ஒரு நாளைய புரதத்தை அடக்கவே முடியாது. 48 நாளில் மிச்சமிருக்கும் தசையும் கரையும். சிறு சிறு வேளைகளாக உண்டுகொண்டே விரதம் காத்துக்கொள்ளுங்கள், மாத்திரைகளையும் விடாதீர்கள். தண்ணீர்மலை பாலதண்டாயுதபாணி ஆலயத்திற்கு 500-க்கு மேற்பட்ட படிகள் ஏற வேண்டும். ஹீமோகுளோபின் முடிவு வருவதற்கு முன் அதைப் பற்றி முடிவு செய்யாதீர்கள். குறைந்திருந்தால் பால்குடத்தை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவையுங்கள். உடலைக் காத்துக்கொண்டு வரும் அடியாரை முருகப் பெருமான் ஏற்றுக்கொள்வார் என்றே நான் நம்புகிறேன்.

நீங்கள் கேட்ட எடை குறைக்கும் ஊசிகளுக்கு வருகிறேன். செமகுளூடைட், டிர்செபடைட் போன்றவை நல்ல மருந்துகள். அறுவைச் சிகிச்சைக்குப் பின் கணிசமாக எடை திரும்பியவர்களுக்கு நாங்களும் பயன்படுத்துகிறோம். ஆனால் 2 கிலோவுக்காக, அதுவும் ஏற்கெனவே சத்துக் குறைந்திருக்கக்கூடிய உடலில், பசியை மேலும் அடக்குவது இப்போதைக்குத் தவறு. முதலில் இரத்தம் சீராகட்டும். ஆறு மாதத்திற்குப் பின்னும் எடை ஏறிக்கொண்டே போனால் உங்கள் சிறப்பு மருத்துவரோடு பேசலாம். வாட்ஸ்அப்பில் விற்கப்படும் ஊசியையும், உடல் மெலிய வைக்கும் காப்பி என்று வருவதையும் தொடவே வேண்டாம். அத்தகைய காப்பிகளில் சிபுட்ரமின் என்னும் மருந்து கலந்திருப்பதை நம் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. இதயத்திற்கு ஆபத்து என்பதால் 2010-இல் பல நாடுகளில் விற்பனையிலிருந்து நீக்கப்பட்ட மருந்து அது.

அறுவைச் சிகிச்சை செய்துகொண்டதை உறவினர்கள் எல்லோரிடமும் சொல்லவேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. ஆனால் உங்களைப் பார்க்கும் ஒவ்வொரு மருத்துவரிடமும், பல் மருத்துவரிடமும், மருந்தகத்திலும் சொல்லியாக வேண்டும். மூட்டுவலிக்கென்று ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற மாத்திரைகளை நீங்களாக வாங்கி விழுங்காதீர்கள். அவை சிறிதாக்கப்பட்ட இரைப்பையைப் புண்ணாக்கக்கூடும். வலிக்குப் பாராசிட்டமால் போதும்.

இரத்தப் பரிசோதனைக்கு நாள் கிடைக்கும்வரை காத்திருக்கக்கூடாத அறிகுறிகளும் உண்டு. ஓரிரு நாளுக்கு மேல் விடாத வாந்தி, பார்வை இரட்டையாகத் தெரிதல், நடை தள்ளாடுதல், குழப்பம் ஆகியவை தயமின் (வைட்டமின் பி1) குறைபாட்டால் மூளை பாதிக்கப்படுவதன் அடையாளமாக இருக்கலாம். வலது மேல்வயிற்றில் வலியும் காய்ச்சலும் வந்தால் பித்தக்கல்லை நினைக்க வேண்டும். வேகமாக எடை இழந்தவர்களுக்கு அது எளிதில் உருவாகிறது. தார் போன்ற கறுப்பு மலம், நெஞ்சுவலி, படுத்திருக்கும்போதும் மூச்சு வாங்குதல் ஆகியவையும் காத்திருக்கக்கூடாத அறிகுறிகளே. இவற்றில் எது வந்தாலும் ஷிப்டு முடியட்டும் என்று காத்திராமல் நேரே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள். வாந்தியாக இருந்தால், குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன், சிலீவ் சிகிச்சை செய்துகொண்டவர் என்பதை அங்குள்ள மருத்துவரிடம் சொல்லுங்கள். தயமின் குறைந்த உடலில் முதலில் தயமினைச் செலுத்திய பிறகே குளுக்கோஸ் கொடுக்க வேண்டும்.