சீப்புச்சீடைக்கு எத்தனை நாள் கெடு போடலாம்?

கேள்வி: காரைக்குடியில் வீட்டிலேயே தேன்குழல், சீப்புச்சீடை, மாவுருண்டை செய்து தெரிந்தவர்களுக்கு விற்கிறேன். ஒரு கடையில் பாக்கெட் போட்டுத் தரச் சொல்கிறார்கள். எத்தனை நாள் தாங்கும் என்று எதை வைத்து எழுதுவது? லைசென்ஸ் வேண்டுமா?

பதில்: 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி, வீட்டில் செய்து விற்பவருக்கும் பதிவு வேண்டும். உங்கள் அளவுக்குப் பதிவே போதும், லைசென்ஸ் தேவைப்படாது. மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் ஃபாஸ்காஸ் (FoSCoS) இணையதளத்தில் விண்ணப்பியுங்கள். கிடைக்கும் 14 இலக்க எண்ணை பாக்கெட்டில் அச்சிட வேண்டும்.

நீங்கள் நிதானமாக முடிவு செய்ய வேண்டியது தேதியைத்தான். அடுத்தவர் பாக்கெட்டைப் பார்த்து 30 நாள் என்று எழுதிவிடாதீர்கள். அவர் எண்ணெய் வேறு, பக்குவம் வேறு. உங்கள் மூன்று பண்டங்களுக்குமே ஒரே தேதி சரிவராது. மாவுருண்டையில் தண்ணீர் கிடையாது. வறுத்த பாசிப்பருப்பு மாவு, சர்க்கரை, நெய், அவ்வளவுதான். நெய் காறாதவரை தாங்கும். சீப்புச்சீடையில் தேங்காய்ப்பால் சேர்கிறது. அப்புறம், சுருட்டி ஒட்டும் இடத்தில் மாவு இரட்டிப்பாகிறது. மேலே சிவந்த பிறகும் அந்த ஒட்டுக்குள் ஈரம் நிற்கும். ஒரு சீடையை அங்கேயே உடைத்துப் பாருங்கள். உள்ளே மெத்தென்று இருந்தால் அந்த ஈடு சீக்கிரம் நமுத்துவிடும். அடுத்த ஈட்டில் தீயைக் குறைத்து, எண்ணெயின் சலசலப்பு நன்றாக அடங்கிய பிறகு எடுங்கள்.

ஒரே ஈட்டில் ஆறு பாக்கெட் போட்டு, கடையில் இருப்பது போலவே வெளி அலமாரியில் வையுங்கள். ஐந்து நாளுக்கு ஒன்றாகப் பிரித்து, முதலில் முகர்ந்து, பிறகு கடித்துப் பாருங்கள். 25-ஆம் நாள் லேசாகச் சிக்கு வாடை வந்தால், நான் 15 நாள்தான் எழுதச் சொல்வேன். மார்கழியில் பார்த்த கணக்கு சித்திரைக்கு உதவாது, அப்போது மறுபடி பாருங்கள். விற்பனை கூடினால் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் ஒருமுறை கொடுத்துவிடலாம்.

பண்டம் நன்றாக ஆறிய பிறகே பாக்கெட்டை ஒட்டுங்கள். சூட்டோடு ஒட்டினால் ஆவி உள்ளேயே நீராகிவிடும். எண்ணெய் வடியச் செய்தித்தாள் வேண்டவே வேண்டாம், அச்சு மை பண்டத்தில் ஏறும். பழைய எண்ணெயில் புது எண்ணெயை ஊற்றிப் பொரிக்காதீர்கள், காறல் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

லேபிளில் சேர்மானங்களை அளவு அதிகமுள்ளதிலிருந்து வரிசையாக எழுதுங்கள். பச்சைப் புள்ளி, நிகர எடை, தயாரித்த தேதி, பேட்ச் எண், விலை, முகவரி எல்லாம் வேண்டும். சரி, கடைக்காரரிடமும் ஒன்று சொல்லிவிடுங்கள்: வாசல் கம்பியில் வெயில் படத் தொங்கவிட வேண்டாம், உள்ளே நிழலில் வைக்கட்டும்.